அம்மா "வீட்ட போவம்" என்கிறா. எனக்கும் போக ஓர் இடம் வேண்டும்

கேள்வி:

எனக்கு 51 வயது. பாடசாலை ஆசிரியை. கணவருக்கு வவுனியாவில் வேலை, சனி ஞாயிறில் வருவார். மகள் பேராதனையில் படிக்கிறாள். அண்ணா ரொறன்ரோவில், தங்கச்சி லண்டனில். அப்பாவும் அம்மாவும் என்னோடு இருக்கிறார்கள். அப்பாவுக்கு 84, இளைப்பாறிய தபாலதிபர். அம்மாவுக்கு 79. இரண்டு வருடமாக அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டு வருகிறது. பின்னேரம் ஐந்து மணி தாண்டினால் கைப்பையை எடுத்துக்கொண்டு படலையடியில் போய் நிற்பா. "வெளிக்கிடு பிள்ளை, இருட்ட முதல் வீட்ட போவம்" என்பா. நாங்கள் 1990 ஆனியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வசாவிளானை விட்டு வந்தவர்கள். காணியை இராணுவம் விட்டுவிட்டது, ஆனால் வீடு இல்லை. கிணறு மட்டும்தான் மிச்சம். ஊர்ப் பிள்ளையாருக்கு இப்போது வெள்ளிக்கிழமைகளில் பூசை நடக்கிறது என்று கேள்வி. நான் இன்னும் போகவில்லை.

இப்போது இருக்கும் ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தும் கோயிலில் நாங்கள் "வந்த ஆக்கள்"தான். திருவிழா உபயம் எல்லாம் பரம்பரைக்காரருக்கு. வியாழக்கிழமைப் பஜனை ஒன்றுக்குப் போய்ப் பார்த்தேன். பாட்டு நல்லது, முடிந்தவுடன் ஆளாளுக்குப் போய்விடுவார்கள். என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் தங்கள் ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனா. அம்மாவின் தலையில் கைவைத்து ஜெபித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு ஒருநாள், வீட்டில் உள்ள சாமிப்படங்களை எடுத்துவிட்டால் அம்மா சுகமாவா என்று அங்கே சொன்னார்கள். அதோடு நின்றுவிட்டேன். அண்ணி கனடாவில் இருந்து சூமில் ஒரு சத்சங்கம் அனுப்புகிறா. இங்கே அது விடிய ஐந்து மணி, நான் பிட்டு அவிக்கும் நேரம்.

அப்பா ஊரில் கந்தபுராணப் படிப்புக்குப் பயன் (செய்யுளுக்கு விளக்கம்) சொன்னவர். இடம்பெயர்ந்த பிறகு எங்கும் சொன்னதில்லை. "சாமியறை போதாதோ? சபை தேடிப் போறதுக்கு இப்ப என்ன குறை?" என்று கேட்கிறார். வீட்டில் உதவிக்கு ஓர் ஆள் வைப்பதற்கும் சம்மதம் இல்லை. இந்த வயதிலும் சைக்கிளில் சந்தைக்குப் போகிறார். சைக்கிளை ஒளித்து வைக்கலாமா?

பெற்றோர் இந்த நிலையில் இருக்கும்போது எனக்கென்று ஓர் ஆன்மீகக் கூட்டம் தேடுவது சுயநலமா? தேடுவதென்றால் எங்கே தேட?

பி.கு.: போன மாதம் ஒரு இரவு அம்மா நாலாம் தரம் எழும்பியபோது, இது கெதியாக முடிந்தால் நல்லது என்று நினைத்தேன். உடுப்பை மாற்றிவிட்டு அவவின் பக்கத்திலேயே படுத்திருந்தேன். அதற்குப் பிறகு எந்தக் கோயிலுக்குள்ளும் போகக் கால் வருவதில்லை.

(பெயரும் இருக்கும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

பதில்:

அன்பின் தங்கச்சிக்கு,

கடிதத்தை முடித்து, பெயரும் எழுதிய பிறகு, அதற்கும் கீழே எழுதினீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். மேலே கேட்ட எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

வயதானவர்களையும் நோயாளிகளையும் வீட்டில் வைத்துப் பார்க்கும் மகள்மார், மருமகள்மார், மனைவிமார் கனபேர் இதையே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மகன்மாரும் உண்டு, அவர்கள் வாய் திறக்க இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். உளவளத்துணை வேலையில் இருக்கும் எவருக்கும் இது திடுக்கிட வைக்கும் செய்தி இல்லை. இரவு நாலு தரம் எழும்பி, விடியப் பிட்டு அவித்து, ஏழரைக்கு வகுப்பில் நிற்க வேண்டிய ஒருவர் அந்த நேரத்தில் முடிய வேண்டும் என்று கேட்டது அந்த இரவை. நித்திரை இல்லாத தலைக்கு இரவையும் அம்மாவையும் பிரித்துப் பார்க்கத் தெம்பு இருக்காது. அடுத்த நிமிடம் என்ன செய்தீர்கள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: உடுப்பை மாற்றினீர்கள், பக்கத்தில் படுத்தீர்கள். உங்கள் மனம் எப்படிப்பட்டது என்று பார்ப்பதற்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

கோயிலுக்குள் கால் வரவில்லை என்கிறீர்கள். தங்கச்சி, நீங்கள் தேவாரத்தோடு வளர்ந்த பிள்ளை. அப்பர் சுவாமிகள் முதன்முதல் பாடிய பதிகம் எந்த நிலையில் பிறந்தது? சூலை நோய் வயிற்றை முறுக்க, வலி பொறுக்க ஏலாமல், இதை விலக்கமாட்டாயா என்று முறையிட்ட பாட்டு அது. குளித்து முழுகி, மனத்தை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு வந்து நின்று பாடியதல்ல. ஏலாத நிலையோடு உள்ளே போவதற்கு எங்கள் மரபில் இடம் இருக்கிறது. அந்த நினைப்பையும் கூட்டிக்கொண்டே போகலாம். போய் அங்கே சொல்லுங்கள்.

ஒரு எல்லை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த நினைப்பு நாளுக்கு நாள் வரத் தொடங்கினால், அம்மாவைத் தூக்கி இருத்தும்போது கை முரட்டுத்தனமாகப் போகிறது என்று உங்களுக்கே தெரிந்தால், அல்லது நீங்களே இல்லாமல் போனால் நல்லது என்று தோன்றினால், அது களைப்பைத் தாண்டிய கட்டம். வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது, தமிழிலும் கதைக்கலாம்.

சரி, சுயநலமா என்ற கேள்வி. இதற்கு நான் அப்பரின் தமக்கை திலகவதியாரைத்தான் இழுப்பேன். எங்கள் ஊர்களில் பிரசங்கம் செய்பவர்கள் திலகவதியார் என்றவுடன் தியாகம் என்பார்கள்: தம்பிக்காக உயிரை வைத்திருந்தா, தம்பிக்காகவே வாழ்ந்தா. கேட்டுக் கேட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அது ஒரு அளவுகோலாகவே ஆகிவிட்டது. ஆனால் பெரியபுராணக் கதையை ஒருக்கால் ஒழுங்காக நினைத்துப் பாருங்கள். தம்பி சமணம் போய்ப் பெரிய ஆளாக இருந்த காலம் முழுக்க அந்த அம்மா திருவதிகையில் என்ன செய்தா? விடிய முன்னம் கோயிலைக் கூட்டினா, மெழுகினா, பூக்கொய்து மாலை கட்டினா. அவவுக்கென்று ஒரு வேலையும் ஒரு வாசலும் இருந்தன. தம்பி நோயோடு வந்து விழுந்தது அந்த வாசலில். கூட்டிக்கொண்டு உள்ளே போக அவவால் முடிந்தது, ஏற்கெனவே அங்கே அவவுக்குப் பழக்கம் இருந்ததால்தான். அந்த இடம் இல்லாதிருந்தால் இரண்டு பேருமாகத் திண்ணையில் இருந்து அழுதிருப்பார்கள். இதற்கு மேல் சுயநலம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இனி அம்மா. இரண்டு வருடமாக மறதி என்றீர்கள். எந்த வைத்தியரிடம் காட்டினீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. "வயது போனால் மறதிதானே" என்று விட்டிருந்தால், தயவுசெய்து விடவேண்டாம். வயதானவர்களின் மறதியில் ஒரு பங்கு திருத்தக்கூடியது. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, சிறுநீர்த் தொற்று, நித்திரைக் குளிசை போன்ற சில மருந்துகளின் பக்கவிளைவு, வெளியே தெரியாத மனச்சோர்வு, காது சரியாகக் கேளாமை எல்லாம் மறதியாகவே முகம் காட்டும். அம்மா இப்போது எடுக்கும் குளிசைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். எப்போது தொடங்கியது, எந்த நேரம் கூடுகிறது, எத்தனை தரம் எழும்புகிறா என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போனால் வைத்தியருக்குப் பெரிய உதவி. மறதி நோய்தான் என்று முடிவானாலும், இரவு நித்திரைக்கு ஏதாவது செய்யலாம். அம்மா நித்திரை கொண்டால்தான் நீங்களும் கொள்ளலாம்.

பின்னேரங்களில் பையோடு படலையில் நிற்பது பற்றி. பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவது இந்த நோயில் வழமை. எங்கள் ஊர்களில் அது "வீட்ட போவம்" என்று வரும்போது கேட்பவர்களுக்கு நெஞ்சு அடைத்துவிடும். உண்மையாகவே ஒரு வீடு போனது, பின்னேரப் பொழுதில் பையோடு வெளிக்கிட்டதும் உண்மை. ஆனால் உடனே "அம்மா, அந்த வீடு இல்லை, இடிஞ்சு போச்சு" என்று விளங்கப்படுத்த வேண்டாம். அவவுக்கு அது ஒவ்வொரு பின்னேரமும் புதிதாக இடியும். வாக்குவாதமும் வேண்டாம். "சரி அம்மா, போவம். மாடு கட்டியாச்சோ? கிணத்தடியில ஆர் நிக்கினம்?" என்று அந்த வீட்டைப் பற்றியே கேளுங்கள். கேட்டுக்கொண்டே வளவை ஒரு சுற்று நடத்திக் கூட்டிவந்து, முகம் கழுவி, திருநீறு பூசி, விளக்கேற்றி, ஒரு தேவாரம் தொடங்கிவிடுங்கள். சின்ன வயதில் பாடிப் பாடிப் பதிந்த பாட்டும் பிரார்த்தனையும் மற்ற ஞாபகங்கள் போன பிறகும் கனகாலம் நிற்கும். பேரப்பிள்ளையின் பெயர் வராத வாய்க்குத் தேவாரம் முழுக்க வரும். நீங்கள் முதல் அடி எடுத்துக் கொடுத்தால் போதும். நாலரைக்கே வீட்டு வெளிச்சங்களைப் போட்டு வைப்பதும் உதவும். நிழல் விழும் மூலைகள்தான் அவர்களைக் கலக்குகின்றன.

கோயில் கேள்விக்கு வர முன்னம் நேரத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும். வாரத்தில் மூன்று மணித்தியாலம் உங்கள் கையில் இல்லாவிட்டால் எந்தச் சபையைச் சொல்லியும் பிரயோசனம் இல்லை.

அப்பா வெளியாள் வேண்டாம் என்கிறார். என்ன சொல்லிக் கேட்டீர்கள்? கடிதத்தைப் பார்த்தால், "உங்களைப் பார்க்க ஒரு ஆள்" என்று கேட்டிருப்பீர்கள் போலிருக்கிறது. அந்தக் காலத்துத் தபாலதிபர், ஒரு கந்தோரை நடத்திய மனிதர், தன்னைப் பார்க்க ஆள் என்றால் சம்மதிப்பாரா? "அப்பா, எனக்கு ஏலாமல் கிடக்கு, நித்திரை இல்லை, எனக்கு உதவி வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சட்டியைப் பலமாக வைப்போம், அவர்களும் விளங்காத மாதிரி இருப்பார்கள். தனக்கென்றால் மறுக்கும் தகப்பன்மார் பிள்ளைக்கென்றால் இறங்கி வருவது உண்டு. எல்லோரும் வருவார்கள் என்று சொல்லமாட்டேன். சொல்லிப் பார்ப்பதில் நட்டம் இல்லை.

அண்ணாவும் தங்கச்சியும் காசு அனுப்புகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களை இங்கே திட்டுவது லேசு, நான் அதைச் செய்யப்போவதில்லை; பனியில் இரண்டு வேலை செய்து அனுப்பும் காசு அது. ஆனால் அவர்களிடம் பொதுவாக "கஷ்டமாக இருக்கு" என்று சொன்னால் கவலைப்படுவார்கள், ஆலோசனை சொல்வார்கள், வட்ஸ்அப்பில் ஒரு சித்த வைத்தியரின் வீடியோ அனுப்புவார்கள். குறித்துக் கேளுங்கள். ஒன்று, வெள்ளிக்கிழமை பின்னேரமும் மாதத்தில் ஒரு முழுநாளும் அம்மாவோடு இருக்க வரும் ஓர் அயல் பெண்ணுக்குக் கொடுக்கும் சம்பளம் அவர்கள் இருவரின் பொறுப்பு. இரண்டு, கிழமையில் ஒருநாள் அண்ணா அப்பாவோடு ஒரு மணித்தியாலம் கதைக்க வேண்டும். மருந்தைப் பற்றி இல்லை, கதை. ஞாயிறு பின்னேரம் ஆறு மணி இங்கே என்றால் அங்கே காலை எட்டரை, குளிர்காலத்தில் ஏழரை. ஞாயிறு காலை ஏழரைக்கு எழும்புவது ஒரு மகனுக்குப் பெரிய தண்டனை இல்லை.

பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்த ஏற்பாடுகளில் ஒன்று. உங்கள் பகுதி முதியோர் சங்கம் எப்போது கூடுகிறது என்று அவரிடமோ கிராம அலுவலரிடமோ கேளுங்கள். அப்பா முதலில் "கிழடுகளின்ர கூட்டம்" என்று சொல்லித் தட்டுவார். சொல்லட்டும்.

இப்போது உங்கள் தேடலுக்கு வருகிறேன். நீங்கள் போய்ப் பார்த்த இடங்களை ஒவ்வொன்றாக நல்லது கெட்டது என்று தரம் பிரிக்க நான் ஆள் இல்லை. எந்தத் தெய்வம் என்று சொல்வதும் என் வேலை இல்லை. ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்: அந்தப் பின்குறிப்பை இங்கே யாரிடமாவது சொல்ல முடியுமா? சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? "அப்படி நினைக்கக்கூடாது, பாவம்" என்பவர்கள் ஒரு வகை. "எல்லாம் கர்மா" என்பவர்கள் இன்னொரு வகை. யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகள் சொன்ன "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்ற மகாவாக்கியத்தை எடுத்து, களைத்துப்போய் வந்தவரின் வாயை அடைக்கப் பாவிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அவர் அதற்காகச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பேசாமல் ஒரு தேத்தண்ணீரைத் தந்து, "இண்டைக்கு இரவு நான் வந்து படுக்கட்டோ?" என்று கேட்கும் ஒருவர் இருக்கும் இடம் உங்களுக்குரிய இடம். அங்கே எத்தனை பேர் கூடுகிறார்கள், எந்த மொழியில் மந்திரம் சொல்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு.

நீங்கள் ஜெபக்கூட்டத்தில் அழுததற்கு வெட்கப்பட வேண்டாம். இரண்டு வருடத்தில் அம்மாவின் தலையை உங்களைத் தவிர வேறொருவர் அன்பாகத் தொட்டது அன்றுதான் போலிருக்கிறது. அந்த ரீச்சரின் அன்பு உண்மையானது, அந்தச் சிநேகத்தை விடவேண்டாம். சாமிப்படத்தை எடுத்தால் சுகமாவா என்ற கதை வேறு. நோயைக் காட்டி நிபந்தனை வைக்கும் எந்த இடத்தில் இருந்தும் எழும்பி வரலாம். இதைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொல்வதாக எடுக்க வேண்டாம். பிதுர் சாபம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பரிகாரச் செலவு எழுதிக் கொடுக்கும் எங்கள் ஆட்களுக்கும் இதே பதில்தான். சூம் சத்சங்கத்தை விட்டுவிடுங்கள். அந்த ஐந்து மணிக்கு உங்களுக்கு வேண்டியது நித்திரை.

"வந்த ஆக்கள்" என்ற வலி எனக்கு விளங்குகிறது. எங்கள் கோயில்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறந்திருந்தவை அல்ல. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த, ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப்பிரவேசப் போராட்டத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உபயமும் முதல் மரியாதையும் பரம்பரைக் கணக்கில் போகும் இடத்தில் முப்பது வருடம் என்ன, அறுபது வருடம் இருந்தாலும் சிலவேளை திருவிழா மேளச்சமா பார்க்கும் ஆளாகவே இருக்க வேண்டி வரும். அங்கே நின்று மனம் கசந்துகொண்டிருக்க வேண்டாம். கும்பிடப் போங்கள், கும்பிட்டுவிட்டு வாருங்கள். சொந்தத்தை வேறிடத்தில் பாருங்கள்.

அந்த வேறிடத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளையாருக்குப் பூசை என்று கேள்விப்பட்டும் போகவில்லை. ஏன்? பதினாறு வயதில் விட்டு வந்த ஊர், இனி அங்கே எனக்கு யார் என்ற நினைப்பாக இருக்கலாம். ஆனால் அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். சுன்னாகத்தில் இருந்து ஒருவர், கோப்பாயில் இருந்து ஒருவர், ஓட்டோ பிடித்து ஒரு கிழவி. ஒவ்வொருவரும் தாங்கள் இருக்கும் ஊரில் "வந்த ஆக்கள்". அந்தப் பிள்ளையாரடியில் மட்டும்தான் அவர்களுக்கு அந்தப் பெயர் இல்லை. முதல் தரம் அப்பாவோடு போங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து "நீ தபாலதிபரின்ர இளையவளோ?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை, மூத்தவள் என்று திருத்தப் போவீர்கள். கதை அங்கேயிருந்து தொடங்கும். பூசை முடிந்த பிறகு அரைமணி நேரம் நில்லுங்கள். கோயில் வளவைக் கூட்டும் பெண்களோடு சேர்ந்து கூட்டுங்கள், பூ இருந்தால் மாலை கட்டுங்கள். மனத்துக்குள் கிடக்கும் கதைகள் வட்டமாக இருந்து "பகிர்ந்துகொள்வோம்" என்று அழைத்தால் வருவதில்லை, கை வேலையில் இருக்கும்போதுதான் பக்கத்தில் இருப்பவரிடம் வழுகி விழுகின்றன.

முதல் தரம் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம். "வீட்ட போவம்" என்கிறாவே, அங்கே போனால் ஆறுதல் அடைவா என்று தோன்றும். அவ தேடுவது 1990க்கு முந்திய ஒரு பின்னேரம். கிணறும் பற்றையுமாகக் கிடக்கும் காணியைக் கண்டால் இன்னும் குழம்பக்கூடும். கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலை நேரத்தில், காணிக்குப் போகாமல் கோயிலுக்கு மட்டும் கூட்டிப்போய்ப் பாருங்கள். மணிச் சத்தமும் கற்பூர வாசமும் அவவுக்கு வழி தெரிந்தவை.

மாதத்தில் ஒரு முழுநாள் என்று மேலே எழுதியதற்குக் காரணம் உண்டு. பௌர்ணமிப் போயா நாளில் உங்களுக்குப் பாடசாலை இல்லை. அன்று பஸ் எடுத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக்குப் போய் வாருங்கள். அன்னதானக் கந்தன் என்று பெயர் வாங்கியவர் அவர். மடங்களில் சமைத்து வருகிறவர்களுக்கெல்லாம் போடுவார்கள். அங்கே மரக்கறி வெட்டப் போய் இருந்தால் எந்த ஊர் என்று கேட்கத்தான் கேட்பார்கள், ஆனால் கத்தியைக் கையில் தந்துவிட்டுத்தான் கேட்பார்கள். ஒரு கடகம் பூசணிக்காயை முடிக்கும்போது மனம் எங்கே இருந்தது என்று தெரியாது. எனக்குத் தெரிந்த எந்தத் தியான வகுப்பும் களைத்த பெண்ணுக்கு இதைவிட நல்லது செய்ததில்லை. கதைக்கவே மனமில்லாத நாள் என்றால் வண்ணார்பண்ணைச் சிவதொண்டன் நிலையத்தின் தியான மண்டபத்தில் போய் இருக்கலாம். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதுவும் சில நாளைக்கு வேண்டும்.

அப்பாவின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். "சாமியறை போதாதோ" என்கிற மனிதர், ஒருகாலம் கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகம் போட்டுப் படிக்க, பக்கத்தில் இருந்து பயன் சொன்னவர். கேட்க நூறு பேர் இருந்திருப்பார்கள். பயன் சொல்லுகிறவருக்குச் சாமியறை எப்படிப் போதும்? அவருக்கும் போதவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். முப்பத்தைந்து வருடமாகக் கேட்க ஆள் இல்லாமல், போதும் என்று பழகிவிட்டார். தங்கச்சி, நீங்கள் இழந்ததைத்தான் அவரும் இழந்திருக்கிறார், அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆகவே ஒன்று செய்து பார்க்கலாம். உங்கள் பாடசாலையில் சைவசமயம், தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்குப் புராணப் படிப்பு கேட்க விருப்பம் இருக்கும். உயர்தர வகுப்பில் ஆர்வமான பிள்ளைகளும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். கிழமையில் ஒருநாள் பின்னேரம் விறாந்தையில் ஒரு பாய். ஒருவர் படிக்கட்டும், அப்பா பயன் சொல்லட்டும். முழுப் புராணமும் வேண்டாம், சூரன் போரோடு தொடங்கலாம், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஐப்பசியில் கந்தசஷ்டி வர முன் தொடங்கினால் காலத்துக்கும் பொருந்தும். அம்மா அந்தப் பாயின் ஓரத்தில் இருக்கட்டும். பொழுதுபடும் நேரத்தில் பழகிய இராகம் ஒன்று வீட்டுக்குள் கேட்டால் படலைக்குப் போவது குறையலாம். குறையாவிட்டாலும் கூட நடக்க நாலு பேர் இருப்பார்கள்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். மூன்றாம் கிழமை நீங்கள் குசினிக்குள் நிற்பீர்கள். பத்துப் பேருக்குத் தேத்தண்ணீர், வடை, பிறகு கோப்பை கழுவல். விறாந்தையில் ஆன்மீகம் நடக்கும், உங்களுக்கு இன்னொரு வேலை கூடியிருக்கும். தொடங்கும் நாளே சொல்லிவிடுங்கள்: வெறுந்தண்ணீர்தான், வருகிறவர்கள் விரும்பினால் ஏதாவது கொண்டுவரலாம். அதோடு, அந்தப் பின்னேரத்தை உங்கள் சபையாகக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம். அது அப்பாவுக்கும் அம்மாவுக்கும். வெள்ளிக்கிழமையும் போயாவும் உங்களுக்கு. இரண்டையும் ஒன்றாக்கினால் உங்களுடையதுதான் முதலில் போகும். மகள்மாரின் நேரத்துக்கு எங்கள் வீடுகளில் அதுதான் நடக்கும்.

எல்லாவற்றையும் இந்த மாதமே செய்ய வேண்டாம். முதலில் அம்மாவின் கிளினிக், அடுத்தது அண்ணாவோடு அந்தக் கதை. ஊர்ப் பிள்ளையார் முப்பத்தைந்து வருடம் பொறுத்தவர், இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை பொறுப்பார்.

கடைசியாக, சைக்கிள். ஒளிக்க வேண்டாம். ஒளித்தால் நாள் முழுக்க அதைத் தேடுவார், பிறகு யாரிடமோ இரவல் வாங்கிக்கொண்டு போவார். அது பிரேக் இல்லாத சைக்கிளாக இருக்கும். கண்ணைக் காட்டியிருக்கிறாரா? இந்த வயதில் கண்புரை இருந்தால் எதிரே வரும் மோட்டார் சைக்கிளும் சரியாகத் தெரியாது. அதைப் பார்த்துவிடுங்கள். ஆசனத்தைக் கால் நிலத்தில் முட்டுமளவுக்கு இறக்குங்கள், பிரேக் கட்டையை மாற்றுங்கள், பின்னுக்கு ஒரு சிவப்பு ஒளித்தெறிப்பான் பூட்டுங்கள். பெரிய றோட்டைத் தவிர்த்து ஒழுங்கையால், காலை ஒன்பது மணிக்கு முன்னம் போய் வரச் சொல்லுங்கள். சட்டைப்பையில் பெயரும் உங்கள் போன் இலக்கமும் எழுதிய துண்டு ஒன்று இருக்கட்டும். ஒருநாளாவது வழி தடுமாறி வந்தார் என்றால், அன்றோடு சைக்கிள் நிற்க வேண்டும். அப்போதும் ஒளிக்காமல், முகத்துக்கு நேரே சொல்லி நிறுத்துங்கள்.